பெருக்கி மாற்றிக்கொள்ளலாமே, எல்லா விஞ்ஞானிகளுக்கும் ஒரே அளவை முறை எதற்கு?

கல்பலகை (கேள்வி):

பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலகுகளும் அளவீடுகளும் பாடத்தை நடத்தும்போது, எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் எஸ்.ஐ. முறையில் (மீட்டர், கிலோகிராம், நொடி முதலான சர்வதேச அலகு முறையில்) அளப்பதற்குக் காரணம் தகவல் பரிமாற்றம் எளிதாவதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. அவர்கள் கேட்பது இது: அடியை 0.3048ஆல் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும், கைபேசியே பெருக்கித் தரும். அவரவர் பழகிய அலகில் அளந்துவிட்டு வேண்டும்போது மாற்றிக்கொண்டால் என்ன? அமெரிக்காவில் இன்றைக்கும் அடியும் பவுண்டும்தான். நிலவுக்கே போய்வந்துவிட்டார்களே.

எனக்கு இன்னொரு ஐயமும் உண்டு. எல்லாரும் ஒரே அலகில் எழுதிவிட்டால் மட்டும் இரண்டு ஆய்வகங்களின் விடைகள் ஒத்துப்போய்விடுமா? அளவியல், நில அளவை, மருத்துவ ஆய்வகம் என அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் எண்களோடு சொன்னால் வகுப்பில் அப்படியே பயன்படுத்திக்கொள்வேன். பள்ளி ஆய்வகத்தில் செய்துகாட்டக்கூடியது ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

தராசுமுள்:

பிள்ளைகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். அந்த 0.3048 எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் பதில் கிடைத்துவிடும்.

அது அளந்து கண்ட எண் அல்ல, பேசி வைத்துக்கொண்ட எண். 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அளவை நிலையங்கள், ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர், ஒரு பவுண்டு சரியாக 0.45359237 கிலோகிராம் என்று ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பு அமெரிக்க அங்குலம் 25.4000508 மி.மீ. ஒரு மீட்டர் சரியாக 39.37 அங்குலம் என்ற அவர்களுடைய கணக்கில் வருவது அது. பிரிட்டன் அங்குலமோ லண்டனில் இருந்த ஒரு வெண்கலக் கோலிலிருந்து எடுத்தது; 25.4க்கு மயிரிழை குறைவு. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் மூன்று பங்கு வித்தியாசம். துணி அளப்பவருக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் நான்கு அங்குல ஸ்லிப் கேஜ் (நீளத்தைச் சரிபார்க்கும் துல்லியமான உலோகக் கட்டை) ஒன்றில் இது 0.3 மைக்ரான். உயர்தரக் கேஜ்களுக்கு அனுமதிக்கும் பிழையே கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும். அதாவது இரண்டு நாட்டுக்காரர்களும் தங்கள் கேஜ் சரி என்று சத்தியம் செய்யலாம், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், கேஜ்கள் மட்டும் ஒத்துப்போகாது.

ஆக, பெருக்கி மாற்றுவதற்கு முன்னால் இரண்டு அலகுகளும் ஒரே முளையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கட்டாவிட்டால், பெருக்கப் பயன்படுத்தும் எண்ணையே ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக அளந்து திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். கணினி எவ்வளவு வேகமாகப் பெருக்கினாலும் அந்த எண்ணை அதனால் உண்டாக்கித் தர முடியாது.

அமெரிக்கா பற்றி: 1893லேயே அவர்கள் தங்கள் கெஜத்தையும் பவுண்டையும் மீட்டரிலிருந்தும் கிலோகிராமிலிருந்தும் வருவித்துக்கொள்ள முடிவுசெய்துவிட்டார்கள். பாரிஸிலிருந்து வந்த பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராம், 20ஆம் எண் பிரதி, அவர்கள் கையில் இருந்தது. அதன்பிறகு அமெரிக்க அடி என்பது மீட்டரின் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். நிலவுப் பயணத்திலும் இதுதான் நடந்தது. அப்பல்லோ கலத்தின் வழிகாட்டிக் கணினி உள்ளுக்குள் மெட்ரிக் அலகுகளில்தான் கணக்குப் போட்டது; வீரர்கள் பார்க்கும் திரையில் மட்டும் அடியாக மாற்றிக் காட்டியது.

விஞ்ஞானிகள் பகிர்ந்துகொள்வது மீட்டர் என்ற பெயரை அல்ல, அந்த முளையை. 1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் கையெழுத்திட்ட மீட்டர் உடன்படிக்கை முதலில் அதை ஓர் உலோகக் கோலாகவும் உலோக உருளையாகவும் வைத்திருந்தது. இன்று அது எந்தப் பொருளும் இல்லை. 1967 முதல் நொடி என்பது சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அதிர எடுக்கும் நேரம். 1983 முதல் மீட்டர் என்பது ஒளி வெற்றிடத்தில் நொடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு. 2019 மே 20 முதல் கிலோகிராம், பிளாங்க் மாறிலியின் மதிப்பை 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று நிலைநிறுத்தியதிலிருந்து வருகிறது. டெல்லியிலோ டோக்கியோவிலோ ஒருவர் யாரிடமும் கோல் கடன் வாங்காமல் மீட்டரை உண்டாக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள், பலரும் விட்டுவிடுவது. எஸ்.ஐ. அலகுகள் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்க்கும்போது நடுவில் தனி எண் எதுவும் நுழைவதில்லை. ஒரு கிலோகிராம், நொடிக்கு நொடி ஒரு மீட்டர் முடுக்கம் என்றால் ஒரு நியூட்டன். ஒரு நியூட்டன் ஒரு மீட்டர் தள்ளினால் ஒரு ஜூல், அதையே ஒரு நொடியில் செய்தால் ஒரு வாட். அடி, பவுண்டு முறையில் நிறையையும் எடையையும் பவுண்டிலேயே சொல்கிறவர் முடுக்கச் சமன்பாட்டில் 32.174ஆல் வகுக்க வேண்டும், குதிரைத்திறனுக்குப் போனால் 550, வெப்பத்துக்குப் போனால் 778. வகுக்க மறந்தாலும் விடை ஒன்று வந்து நிற்கும், தவறு என்று அது சொல்லாது.

சங்கிலிக்கோல்:

தராசுமுள் சொன்ன முளை இல்லாத நிலைமைக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. நில அளவைத் துறையில் இன்றும் அதன் விளைவோடுதான் வேலை செய்கிறோம்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே விரிந்ததுதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவை. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவுகளைக் கொண்டு பூமியின் வடிவத்தைக் கணித்து 1830இல் வெளியிட்டார்: நிலநடுக்கோட்டு ஆரம் 2,09,22,931.80 அடி. இன்றும் எவரெஸ்ட் எலிப்சாய்டு (பூமிக்கு எடுத்துக்கொள்ளும் சற்றே தட்டையான கோள வடிவம்) என்று வரைபடங்களில் காண்பது அதுதான்.

இப்போது இதை மீட்டராக்குங்கள். எந்த அடி? எவரெஸ்ட் கையாண்டது இந்தியாவில் வைத்திருந்த பத்தடி இரும்புக் கோலின் வழியே வந்த அடி. அந்தக் கோலுக்கும் மீட்டருக்கும் உள்ள விகிதத்தைப் பிற்காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். 1937இல் செய்த திருத்தத்தில் ஓர் இந்திய அடி 0.30479841 மீட்டர், ஆரம் 63,77,276.345 மீட்டர் ஆயிற்று. பாகிஸ்தான் 1962இல் எடுத்துக்கொண்டது 0.3047996; ஆரம் 63,77,301.243. இந்தியா 1975இல் எடுத்துக்கொண்டது 0.3047995, ஆரம் 63,77,299.151. இன்றைய 0.3048ஐ யாராவது கைபேசியில் தட்டிப் பெருக்கினால் 63,77,309.613 வரும். மலேசியத் தீபகற்பத்தின் பழைய வரைபடங்களில் 63,77,304.063 என்று இன்னொன்று. அடியில் எழுதிய மூல எண் ஒன்றே ஒன்றுதான். பெருக்கியவர்கள் எல்லாரும் சரியாகத்தான் பெருக்கினார்கள்.

இலங்கையின் கண்டவல டேட்டம் (வரைபட ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்ட ஏற்பாடு) 1937இன் எண்ணைப் பயன்படுத்துகிறது, இந்தியாவின் கலியான்பூர் 1975 டேட்டம் 1975இன் எண்ணை. பாக் நீரிணையின் இரு கரையிலும் வரைபடத்தின் ஓரத்தில் எவரெஸ்ட் என்றே எழுதியிருக்கும். அந்த இரண்டு அடிகளுக்கும் உள்ள வித்தியாசம் கிலோமீட்டருக்கு 3.6 மி.மீ. நானூறு கிலோமீட்டர் போனால் ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும். டேட்டத்தின் தொடக்கப் புள்ளி வேறாக இருப்பதால் வரும் நகர்வு இதற்கு மேலே தனியாக இருக்கிறது, அது இதைவிடப் பல மடங்கு பெரியது.

பழைய வரைபடத்தை ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல்) மென்பொருளில் ஏற்றுகிறவர்களுக்கு: பட்டியலில் எவரெஸ்ட் என்று கண்டதும் முதலில் வருவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விவரத்தைத் திறந்து ஆரத்தின் மீட்டர் மதிப்பைப் பாருங்கள். கலியான்பூர் 1975 டேட்டத்தில் உள்ள இந்தியத் தாளுக்கு 299.151இல் முடிய வேண்டும், கண்டவல டேட்டத்தில் உள்ள இலங்கைத் தாளுக்கு 276.345இல். பிறகு தாளில் தெளிவாக அடையாளம் தெரியும் மூன்று நான்கு இடங்களை, அதாவது கோயில் கோபுரம், ரயில் பாதை சந்திப்பு போன்றவற்றை, ஜி.பி.எஸ். ஆயத்தொலைவோடு ஒப்பிட்டுவிட்டு மற்ற வேலைக்குப் போங்கள்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நில அளவைக்கு மட்டும் 1893இன் பழைய அடியையே (ஒரு மீட்டரின் 3937இல் 1200 பங்கு) 2022 கடைசி வரை வைத்திருந்தார்கள். புதிய அடிக்கும் அதற்கும் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். ஆனால் அங்கே மாநில ஆயத்தொலைவுகள் இருபது லட்சம் அடி என்ற அளவில் இருக்கும். அடி என்று மட்டும் எழுதி எந்த அடி என்று எழுதாத கோப்பில் கட்டடம் நான்கடி தள்ளிப் போய்விடும்.

மீட்டர் உடன்படிக்கையைக் கேட்டு வாங்கியவர்களில் புவி அளவையாளர்களும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் முக்கோணங்களை எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டின் முக்கோணங்களோடு இணைத்தபோது கோல்கள் ஒத்துவரவில்லை. 1867இல் பெர்லினில் கூடிய அவர்களின் மாநாடு எல்லாருக்கும் பொதுவான புதிய மீட்டர் கோல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எட்டு ஆண்டில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

சோதனைக்குழாய்:

கேட்டவரின் இரண்டாவது ஐயத்துக்கு மருத்துவ உயிர்வேதியியலிலிருந்து பதில்: இல்லை, அலகு ஒன்றாக இருந்தால் மட்டும் விடை ஒத்துப்போகாது.

முதலில் எளிய பக்கம். இரத்தச் சர்க்கரையை இங்கே மி.கி./டெசிலிட்டரில் தருகிறோம், பிரிட்டனில் மில்லிமோல்/லிட்டரில். 18ஆல் வகுத்தால் போதும்: 126 என்பது 7.0. சிறுநீரக நலத்தை அறிய அளக்கும் கிரியேட்டினினுக்குப் பெருக்கெண் 88.4, 1.0 மி.கி./டெசிலிட்டர் அங்கே 88.4 மைக்ரோமோல்/லிட்டர். கொலஸ்டிராலுக்கு 38.67ஆல் வகுக்க வேண்டும். பொருளுக்குப் பொருள் மூலக்கூறு எடை வேறு என்பதால் ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட முடியாது. இது கவனமாக இருந்தால் தீரும் சிக்கல்.

கடினமான பக்கம் இனிமேல்தான். கிரியேட்டினினைப் பெரும்பாலான ஆய்வகங்கள் யாஃபே முறையில், பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து வரும் ஆரஞ்சு நிறத்தை வைத்து அளக்கின்றன. இரத்தத்தில் உள்ள புரதம், கீட்டோன், குளுக்கோஸ் போன்றவையும் கொஞ்சம் அதே நிறத்தைத் தரும். அதனால் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். எவ்வளவு அதிகம் என்பது கருவிக்குக் கருவி, கிட்டுக்குக் கிட்டு (சோதனைக்கான வேதிப்பொருள் தொகுப்பு) மாறும். இரண்டு ஆய்வகமும் மி.கி./டெசிலிட்டர் என்றே எழுதும். ஒன்று 1.0 என்னும், மற்றொன்று 1.2 என்னும். எதைப் பெருக்கி எதைச் சரிசெய்வீர்கள்?

இதைத் தீர்த்தது அலகு அல்ல, பொதுவான ஆதாரம். ஐசோடோப் நீர்த்தல் நிறமாலை முறையில் (நிறை நிறமாலைமானியில்) மதிப்பிட்ட சான்றளித்த சீரம் ஒன்றை வைத்து, கிட் தயாரிப்பவர்கள் தங்கள் கேலிப்ரேட்டரை (கருவியைச் சரிசெய்யப் பயன்படும், மதிப்பு தெரிந்த மாதிரியை) திருத்தினார்கள். அதன்பிறகு சிறுநீரக வடிதிறனைக் கணிக்கும் எம்.டி.ஆர்.டி. சூத்திரத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று: முன்னால் நின்ற எண் 186 போய் 175 ஆயிற்று. திருத்திய கிட்டில் வந்த மதிப்பைப் பழைய 186இல் போட்டால் வடிதிறன் ஆறு சதவீதம் கூடுதலாகத் தெரியும். நோயாளி இல்லாத நலத்தோடு இருப்பதாகக் காட்டும்.

எச்.பி.ஏ.1.சி. (ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியுள்ள பங்கு) இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. நீரிழிவுக்கு எல்லை 6.5 சதவீதம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே இரத்தத்தை சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பின் மூல முறையில் அளந்தால் ஏறக்குறைய 4.75 சதவீதம்தான் வரும். ஏனென்றால் அந்த முறை ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் சர்க்கரை ஒட்டியதை மட்டும் எண்ணுகிறது. பழைய முறைகள் வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகின்றன. இரண்டையும் சதவீதத்தில் எழுதினால் ஆபத்து என்பதால் புதிய முறையின் விடையை மில்லிமோல்/மோல் என்று வேண்டுமென்றே வேறு அலகில் தருகிறார்கள். 6.5 சதவீதம் அங்கே 48. மாற்றும் வழி: சதவீதத்திலிருந்து 2.15ஐக் கழித்து 10.929ஆல் பெருக்குங்கள். கழித்தல் இருப்பதைக் கவனியுங்கள். வெறும் பெருக்கலில் தீராது.

ஆகவே ஆய்வக முடிவை ஒப்பிடும்போது எண், அலகு, அளந்த முறை, கேலிப்ரேட்டர் எதன் வழியாக வந்தது என்ற நான்கும் வேண்டும். நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் மருத்துவர் முடிந்தவரை ஒரே ஆய்வகத்துக்கே அனுப்புவது இதனால்தான்.

காந்தமுள்:

சோதனைக்குழாய் சொன்னதன் தொடர்ச்சியாக ஒரு சிறிய குறிப்பு. அலகே இல்லாத எண்ணிலும் அளவை முறை ஒளிந்திருக்கும். பருமக் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதன் அளவு) பரிமாணமற்றது, எஸ்.ஐ.யிலும் சரி, பழைய சி.ஜி.எஸ். (சென்டிமீட்டர், கிராம், நொடி) முறையிலும் சரி. ஆனால் தண்ணீரின் மதிப்பு எஸ்.ஐ.யில் சுமார் −9.0 × 10⁻⁶, சி.ஜி.எஸ்.இல் சுமார் −0.72 × 10⁻⁶. நடுவில் 4π, அதாவது 12.57 மடங்கு. சமன்பாட்டில் 4π எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இரு முறைகளிலும் வேறு என்பதால் வருவது இது. பழைய கட்டுரையில் அட்டவணையைப் பார்த்து எண்ணை எடுப்பவர் பரிமாணச் சோதனை செய்தாலும் தப்பு பிடிபடாது. காந்தப்புலத்தை சி.ஜி.எஸ். அலகான ஓர்ஸ்டெடில் எழுதியிருந்தால் ஏற்புத்திறனும் சி.ஜி.எஸ். என்றே எடுத்துக்கொண்டு 4πயால் பெருக்குங்கள். ஓர் ஓர்ஸ்டெட் 79.58 ஆம்பியர்/மீட்டர்.

சுழற்பாதை:

அலகுக் குழப்பத்தால் செவ்வாயில் அழிந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். மீட்டரையும் அடியையும் குழப்பிக்கொண்டார்கள் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிறது. நடந்தது அது இல்லை. விசாரணை அறிக்கையில் உள்ளது வகுப்புக்கு இன்னும் பயனுள்ளது.

கலம் 1998 டிசம்பர் 11இல் புறப்பட்டது. அதன் நிலையைக் காக்கும் சுழல்சக்கரங்களில் சேரும் கோண உந்தத்தை அவ்வப்போது சிறு உந்துபொறிகளைச் சுட்டுக் கழிக்க வேண்டும். கலத்தின் ஒரு பக்கம் மட்டும் சூரியப் பலகை இருந்ததால் சூரிய ஒளியின் அழுத்தம் அதைத் திருப்பிக்கொண்டே இருந்தது. இந்தச் சுடுதல் எதிர்பார்த்ததைவிடப் பத்து முதல் பதினான்கு மடங்கு அடிக்கடி நடந்தது. ஒவ்வொரு சுடுதலும் பாதையைத் துளி மாற்றும். எவ்வளவு மாற்றியது என்பதைத் தரையில் ஒரு மென்பொருள் கணித்துக் கோப்பாகத் தரும். இடைமுக ஆவணம் கேட்டது நியூட்டன் நொடி. மென்பொருள் தந்தது பவுண்டு விசை நொடி. ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன். வழிசெலுத்தும் குழு ஒவ்வொரு சுடுதலின் விளைவையும் 4.45 மடங்கு குறைவாக எடுத்துக்கொண்டது.

1999 செப்டம்பர் 23இல் செவ்வாயை அடைந்தபோது திட்டமிட்ட நெருக்கம் 226 கி.மீ. உண்மையில் போனது ஏறக்குறைய 57 கி.மீ. உயரத்தில். 80 கி.மீ.க்குக் கீழே கலம் தாங்காது.

கவனிக்க வேண்டியது, கோப்பில் எண் மட்டுமே இருந்தது, அலகு எங்கோ ஓர் ஆவணத்தில் இருந்தது. எண்ணையும் அலகையும் பிரித்து வைத்தால் ஒருநாள் இரண்டும் வெவ்வேறு வழியில் போய்விடும். கனடாவில் 1983 ஜூலை 23இல் நடுவானில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767 விமானத்திலும் இதேதான். இதை வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். எரிபொருளின் அடர்த்தி என்று ஆவணத்தில் 1.77 என்ற எண் இருந்தது. அது லிட்டருக்கு பவுண்டு. கிலோ என்று நினைத்துப் பெருக்கியதால் 13,597 கிலோ இருப்பதாக வந்தது. மீதிக்கு 4,916 லிட்டர் நிரப்பினார்கள். லிட்டருக்கு 0.803 கிலோ என்ற சரியான எண்ணைப் போட்டால் இருந்தது 6,169 கிலோதான், நிரப்ப வேண்டியது ஏறக்குறைய 20,090 லிட்டர். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, 41,000 அடி உயரத்தில் இயந்திரங்கள் நின்று, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து இறங்கினார்கள். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

1.77 என்று பார்த்ததுமே மாணவர் நிறுத்த வேண்டும். தண்ணீரில் மிதக்கும் எரிபொருளுக்கு லிட்டருக்கு 1.77 கிலோ எப்படி வரும்?

கணினியில் தரவு சேர்ப்பவர்களுக்கு: அலகை நெடுவரிசையின் பெயரிலேயே எழுதுங்கள், விசை_நியூட்டன், அழுத்தம்_கிலோபாஸ்கல் என்று. பைத்தானில் பைன்ட் போன்ற நூலகம் எண்ணோடு அலகையும் சுமந்து செல்லும். மீட்டரையும் நொடியையும் கூட்டினால் நிறுத்திவிடும். புதிதாக இரண்டு நிரல்களை இணைக்கும்போது ஒரு நியூட்டனைப் பத்து நொடி கொடுத்தால் மறுமுனையில் 10 நியூட்டன் நொடி என்று வருகிறதா என்று ஒரு தெரிந்த கணக்கை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலையில் இன்னொரு குழி: 2 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை 35.6 பாரன்ஹீட், ஆனால் 2 டிகிரி உயர்வு 3.6 பாரன்ஹீட். மாற்றும் நிரலுக்கு அது நிலையா உயர்வா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கல்பலகை:

எல்லாருக்கும் நன்றி. எவரெஸ்ட் எலிப்சாய்டும் 1.77உம் அடுத்த வாரமே வகுப்புக்குப் போகும். தராசுமுள் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். கிலோகிராமுக்கு மூலமாக வைத்திருந்த பாரிஸ் உருளை சரியாகத்தானே இருந்தது, அதை ஏன் மாற்றினார்கள்? பள்ளி ஆய்வகத்தில் எதைச் செய்துகாட்டலாம்?

தராசுமுள்:

உருளை சரியாக இருந்ததா என்று கேட்கவே வழியில்லாமல் இருந்ததுதான் சிக்கல். விதிப்படி அதன் நிறையே கிலோகிராம். 39 மி.மீ. உயரம், 39 மி.மீ. விட்டம், 90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம். 1889இல் அதோடு சேர்த்துச் செய்த பிரதிகளை நாடுகளுக்குக் கொடுத்தார்கள். நம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பது பின்னாளில் வந்த 57ஆம் எண். 1988 முதல் 1992 வரை பிரதிகளை வரவழைத்து மூல உருளையோடு ஒப்பிட்டபோது, பல பிரதிகள் நூறாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்குக் கூடியிருந்தன. பிரதிகள் கூடினவா, மூலம் குறைந்ததா? ஒப்பிட மூன்றாவது ஒன்று இல்லை. கூடவே, ஆம்பியர், மோல் போன்ற மற்ற அலகுகளும் கிலோகிராமின் மேல் நின்றதால் இந்த ஐயம் அவற்றிலும் ஏறியது.

இப்போது கிபிள் தராசு என்ற கருவியில் மின்விசையை எடைக்கு எதிரே நிறுத்தி, அல்லது சிலிக்கான்-28 கோளத்தில் உள்ள அணுக்களை எண்ணி, கிலோகிராமை உண்டாக்குகிறார்கள். வெவ்வேறு நாட்டுக் கருவிகள் இன்னும் சில பத்து மைக்ரோகிராம் வேறுபடுவதால், அவற்றின் விடைகளிலிருந்து பொது மதிப்பு ஒன்றை 20 மைக்ரோகிராம் நிச்சயமின்மையோடு வகுத்து எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, காரணத்தைத் தேடலாம். முன்பு அதற்கே வழி இல்லை.

ஆய்வகத்துக்கு: 10 மி.லி. பல்ப் பிப்பெட், 10 மில்லிகிராம் காட்டும் மின்னணுத் தராசு, வெப்பமானி, மூடியுள்ள சிறு குடுவை. இவை போதும்.

தராசை அதே மேசையில், அதன் திருத்த எடைக்கல்லை வைத்து முதலில் கேலிப்ரேட் செய்யுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். மின்னணுத் தராசு அளப்பது விசையை. டெல்லியில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.791, சென்னையில் சுமார் 9.783. அங்கே திருத்திய தராசை இங்கே கொண்டுவந்து அப்படியே பயன்படுத்தினால் 100 கிராமுக்கு 80 மில்லிகிராமுக்கும் மேல் குறைத்துக் காட்டும்.

காய்ச்சி வடித்த நீரை அறையிலேயே இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அதன் வெப்பநிலையைக் குறியுங்கள், அறை வெப்பநிலையை அல்ல. காலிக் குடுவையை மூடியோடு எடை போடுங்கள். பிப்பெட்டைக் கோடு வரை நிரப்பி, நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு நீரைத் தானாக வடிய விடுங்கள். கடைசித் துளியை ஊதக் கூடாது. பிப்பெட்டின் கொள்ளளவு அந்தத் துளி உள்ளே தங்குவதாக வைத்துத்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. உடனே மூடி எடை போடுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

நீர் 30 டிகிரி என்றால் நல்ல பிப்பெட்டுக்கு ஏறக்குறைய 9.95 கிராம் வரும். ஒரு மி.லி. நீர் ஒரு கிராம் என்று படித்த மாணவர் பிப்பெட் 0.05 மி.லி. குறைவு என்று எழுதுவார். ஏ வகுப்புப் பிப்பெட்டுக்கு அனுமதி 0.02தான், ஆகவே அது தோற்றுவிட்டது என்பார். பிப்பெட்டில் குறை இல்லை. 30 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.99565 கிராம்/மி.லி. அதுவே 0.44 சதவீதம். காற்றின் மிதப்பு இன்னொரு 0.105 சதவீதம்: எடைக்கல்லின் அடர்த்தி 8, நீரின் அடர்த்தி 1, அதனால் நீரைக் காற்று அதிகமாகத் தாங்குகிறது. இரண்டையும் சேர்த்த பெருக்கெண் 20 டிகிரியில் 1.0029, 25இல் 1.0040, 27இல் 1.0045, 30இல் 1.0054. எடையைக் கிராமில் இதால் பெருக்கினால் மி.லி. வரும். கண்ணாடி விரிவதால் 30 டிகிரியில் 1.0053 என்று எடுத்துக்கொள்ளலாம், உங்கள் தராசுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

பிப்பெட்டின் மேல் 20 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுங்கள். பல நாட்டுக் கண்ணாடிச் சாமான்களில் அந்த வெப்பநிலைதான் இருக்கும், வெப்ப நாடுகளுக்கென்று செய்தவற்றில் 27 இருக்கும். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஃப்ரிட்ஜ் நீரைக் கலந்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்த நீரும், மறுபாதிக்கு அறை நீரும் கொடுத்து, ஒரே பிப்பெட்டை இருவரும் அளக்கட்டும். எடைகளைப் பலகையில் எழுதினால் ஒத்துப்போகாது. திருத்திய கொள்ளளவை அதன் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அவை 0.01 மி.லி.க்குள் வராவிட்டால் முதலில் யார் ஊதினார்கள் என்று பாருங்கள், அடுத்து யார் மூடாமல் எடை போட்டார்கள் என்று.